‘ஸ்பிளர்ஜ்’: எங்கே பொருந்தும், எங்கே உதைக்கும்

அகராதியில் ‘ஸ்பிளர்ஜ்’ (splurge) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஊதாரித்தனமாகச் செலவழித்தல்’ என்று போட்டிருக்கும். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் பேச்சில் சறுக்கும். ஊதாரி என்பது வசவு. ஸ்பிளர்ஜ் பெரும்பாலும் வசவு இல்லை. வழக்கமாகக் கணக்குப் பார்ப்பவர், ஆசைப்பட்ட ஒன்றுக்காக ஒருநாள் கையைத் தாராளமாக விடுவதுதான் அது. புது வாட்சைக் காட்டி “ஐ ஸ்பிளர்ஜ்டு!” என்கிறவர் குரலில் கொஞ்சம் கூச்சமும் நிறையக் குஷியும் இருக்கும்.

சொல்லைப் போடுமுன் மூன்றைப் பாருங்கள்: செலவு அவருடைய வழக்கத்தை மீறியதா, பொருள் இல்லாமலும் சமாளிக்கலாமா, அவரே ஆசைப்பட்டுச் செய்ததா. ஒன்று குறைந்தாலும் பொருந்தாது. ஆஸ்பத்திரி பில் எத்தனை லட்சமானாலும் ஸ்பிளர்ஜ் ஆகாது. மாணவருக்கு ஒரு விலை கூடிய காபியே ஸ்பிளர்ஜ். அதையே தினமும் குடிக்கும் பணக்காரருக்கு அது வெறும் காபி.

பிழை அதிகம் வருவது வினைச்சொல்லாகப் போடும்போதுதான். தமிழில் ‘ஷூவுக்குச் செலவு பண்ணினேன்’ என்று சொல்லிப் பழகியதால் அந்த ‘க்கு’ நம்மை ‘ஃபார்’ பக்கம் இழுக்கும். வாங்கிய பொருளுக்கு முன் ‘ஆன்’ போடுங்கள்: “ஐ ஸ்பிளர்ஜ்டு ஆன் ஷூஸ்.” யாருக்காக, எதை முன்னிட்டு என்பதற்குத்தான் ‘ஃபார்’: “ஐ ஸ்பிளர்ஜ்டு ஆன் எ கேக் ஃபார் ஹெர் பர்த்டே.” தொகையைச் சொல்வதானால் அது ‘ஆன்’ என்பதற்கு முன்னால் வரும்: “ஷி ஸ்பிளர்ஜ்டு ஹாஃப் ஹெர் சாலரி ஆன் எ பேக்.”

பெயர்ச்சொல்லாகவும் வரும்: “இட் வாஸ் எ ஸ்பிளர்ஜ்.” ‘ஸ்பிளர்ஜ் பண்ணினேன்’ என்ற நினைப்பில் “ஐ டிட் எ ஸ்பிளர்ஜ்” என்றால் காதில் இடறும், வினையாகவே சொல்லிவிடுங்கள். உச்சரிப்பில் முன்னால் ‘இ’ சேர்த்து ‘இஸ்பிளர்ஜ்’ ஆக்க வேண்டாம். ‘-இங்’ சேர்த்து எழுதும்போது கடைசி ‘e’ எழுத்து விழுந்துவிடும்: splurging.

அமெரிக்க ஆங்கிலத்தில் 1828-லேயே பதிவான சொல் இது. அப்போது ஆடம்பரமாகப் பகட்டுக் காட்டுவதைக் குறித்தது. பணச்செலவு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘ஸ்பிளாஷ்’ (தெறித்தல்), ‘சர்ஜ்’ (பொங்கி எழுதல்) இரண்டும் கலந்து பிறந்திருக்கலாம் என்பது ஊகம்தான்.

பிரிட்டனில் இதே இடத்தில் ‘ஸ்பிளாஷ் அவுட்’ என்பதும் சகஜம். ‘ப்ளோ’ என்றால் காசைக் கரியாக்கிய தொனி வந்துவிடும். ‘ஸ்க்வாண்டர்’ முழுக்கக் கண்டனம். நம் ஊதாரித்தனத்துக்கு நேரானது அதுதான்.

அலுவலக அறிக்கையில் மட்டும் ஸ்பிளர்ஜை எழுதாதீர்கள். பேச்சுவழக்குச் சொல் என்பது ஒரு காரணம். தொனி மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்: சொந்தக் காசைப் பற்றிச் சொன்னால் செல்லமாக ஒலிக்கும் இதே சொல், ஒரு துறை நாற்காலி வாங்கியதைப் பற்றிச் சொன்னால் குற்றச்சாட்டாகிவிடும்.