லண்டன்ல இருந்து நியூயார்க், நயாகரா, டொரன்டோ: முதல் தடவை போறவங்க எதை முதல்ல செய்யணும்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு, இந்த சம்மர்ல அமெரிக்கா போலாம்னு இருக்கோம், எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல மாசம் ஒருத்தராவது கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு பதிலா இங்கயே எழுதி வெச்சுடறேன். நாங்க போன வழி இதுதான்: ஹீத்ரோல ஏறி நியூயார்க், அங்க அஞ்சு நாள், ரயில்ல நயாகரா, பாலத்தை நடந்தே தாண்டி கனடா, டொரன்டோல சித்தப்பா வீட்ல ஒரு வாரம், அங்க இருந்தே லண்டனுக்கு ஃப்ளைட். நான், என் வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு, என் மாமியார்.

ஆஃபர் கண்ல பட்ட உடனே டிக்கெட்டைப் போட்டுட்டு மத்ததெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளறவங்கதான் நிறைய பேரு. காசும் தூக்கமும் போறது அதனாலதான். செய்யற வேலை என்னவோ ஒண்ணுதான், வரிசை மாறினா செலவும் மாறிடும்.

படி 1: எல்லா பாஸ்போர்ட்டையும் டேபிள்ல எடுத்து வைங்க

ஃப்ளைட் விலை பாக்கறதுக்கு முன்னாடியே இதைச் செய்ங்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவுல ஆறு மாச வேலிடிட்டி கேக்க மாட்டாங்க, அங்க இருக்கப்போற நாள் வரைக்கும் செல்லுபடியானா போதும். ஆனா பெரியவங்களுக்கு பத்து வருஷம், பசங்களுக்கு அஞ்சே வருஷம்ங்கறத மறந்துடறோம். நம்மளோடது இன்னும் ஏழு வருஷம் இருக்குன்னு நிம்மதியா இருப்போம், சின்னவனோடது போன மாசமே முடிஞ்சிருக்கும்.

அடுத்து, வீட்ல எல்லாருமே பிரிட்டிஷ் குடிமக்கள்தானான்னு பாருங்க. ஐஎல்ஆர் (யுகேல நிரந்தரமா தங்கற அனுமதி) மட்டும் வாங்கிட்டு இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வெச்சிருக்கறவங்களுக்கு எஸ்டா (விசா இல்லாம அமெரிக்கா போக ஆன்லைன்ல வாங்கற அனுமதி) கிடையாது, பி1/பி2ங்கற விசிட்டர் விசா எடுக்கணும், ஃபீஸ் 185 டாலர், லண்டன்ல நைன் எல்ம்ஸ்ல இருக்கற அமெரிக்கத் தூதரகத்துல இன்டர்வியூ, கனடாவுக்கு தனியா விசா. அப்படி ஒருத்தர் இருந்தாலும் முதல்ல அவருக்கு விசா, அப்புறம்தான் எல்லாருக்கும் டிக்கெட்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 2021 ஜனவரி 12-க்கு அப்புறம் கியூபா போயிருந்தா எஸ்டா கிடைக்காது. இங்க இருந்து கியூபாவுக்கு பீச் ஹாலிடே போறது சாதாரணம், அதனாலதான் சொல்றேன். 2011 மார்ச்சுக்கு அப்புறம் ஈரான், ஈராக், சிரியா, லிபியா, ஏமன், சூடான், சோமாலியா, வட கொரியா போயிருந்தாலும் அப்படித்தான். அவங்களும் விசாவுக்குத்தான் அப்ளை பண்ணணும், போகவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல.

படி 2: தேதி

ஸ்கூல் பசங்க இருந்தா தேதி நம்ம கையில பெருசா இல்ல. இங்கிலாந்துல ஸ்கூல் நாள்ல கூட்டிட்டுப் போய் ஃபைன் வந்தா ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டலைன்னா 160. ரெண்டு பிள்ளை, ரெண்டு பெற்றோர்னா எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. பசங்க இல்லாதவங்க ஜனவரி கடைசி, பிப்ரவரி பாருங்க, நியூயார்க் ஹோட்டல் விலை அப்பதான் இறங்கும், குளிர் மட்டும் கடுமையா இருக்கும். நவம்பர் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், அந்த வாரம் மொத்த நாடும் ரோட்டுல இருக்கும், தவிர்த்துடுங்க.

படி 3: டிக்கெட்

போற ஊரும் திரும்பற ஊரும் வேற வேறன்னா ரெண்டு ஒன்-வே டிக்கெட்டா எடுக்காதீங்க, சர்ச் பண்ற இடத்துல மல்டி சிட்டின்னு இருக்கும், அதுல லண்டன் டூ நியூயார்க், டொரன்டோ டூ லண்டன்னு போடுங்க. பெரும்பாலும் இது சாதாரண ரிட்டர்ன் விலைக்குப் பக்கத்துலயே வரும், நியூயார்க்குக்கு திரும்பிப் போற செலவும் ஒரு நாளும் மிச்சம்.

யுகேல இருந்து கிளம்பற டிக்கெட்டுக்குள்ள ஏர் பாசஞ்சர் டியூட்டின்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், நியூயார்க் தூரத்துக்கு எகானமில கூட ஒரு ஆளுக்கு தொண்ணூறு, நூறு பவுண்டு கிட்ட போகும். 16 வயசுக்குக் கீழ எகானமில போற பசங்களுக்கு அது கிடையவே கிடையாது. பில்லுல பசங்க பேர்ல அந்த வரி சேர்ந்திருக்கான்னு பாருங்க.

பேரு விஷயத்துல நம்ம ஆளுங்க ரொம்ப கவனமா இருக்கணும். அப்பா பேர் சர்நேமா இருக்கும், அம்மாவுக்கு வேற, பிள்ளைக்கு வேற. பாஸ்போர்ட்டோட கீழ ரெண்டு வரியில கட்டம் கட்டமா அடிச்சிருக்கற எழுத்து இருக்கு பாருங்க, அதுல சர்நேம் எது, கிவன் நேம் எதுன்னு பாத்து அப்படியே டைப் பண்ணுங்க, வீட்ல கூப்பிடற பேரும் வேணாம், இனிஷியலும் வேணாம். பிள்ளையோட ஒரே ஒரு பெற்றோர் மட்டும் போறீங்கன்னா, இன்னொருத்தர் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் காப்பியும் எடுத்துக்குங்க, கனடா பார்டர்ல கேக்க வாய்ப்பு அதிகம்.

பணம் கிரெடிட் கார்டுல கட்டுங்க. 100 பவுண்டுக்கு மேல, 30,000 வரைக்கும் வாங்கின பொருளுக்கோ சேவைக்கோ, கம்பெனி கைவிரிச்சா கார்டு கம்பெனியும் பொறுப்புன்னு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75-ஆவது பிரிவு சொல்லுது. டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்ல. ஃப்ளைட்டும் ஹோட்டலும் சேர்த்து பேக்கேஜா எடுக்கறவங்க ஏட்டால் (டிராவல் கம்பெனி மூழ்கினா நம்ம பணத்துக்குப் பாதுகாப்பு) சர்டிபிகேட் வருதான்னு பாருங்க.

படி 4: டிக்கெட் போட்ட அன்னைக்கே இன்சூரன்ஸ்

இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கறேன். கிளம்பறதுக்கு முந்தின நாள் எடுத்தாலும் ஆஸ்பத்திரி செலவுக்கு கவர் இருக்கும்தான், ஆனா டிக்கெட் போட்டு கிளம்பறதுக்குள்ள நாலு மாசத்துல யாருக்காவது உடம்புக்கு வந்து டிரிப்பே கேன்சல் ஆச்சுன்னா அந்தப் பணம் போனது போனதுதான். முதல் நாளே எடுத்திருந்தா கேன்சலேஷன் கவர் அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கும். ரெண்டுக்கும் பிரீமியத்துல பெரிய வித்தியாசம் இருக்காது.

ஐரோப்பாவுல ஆஸ்பத்திரில காட்டற ஜிஹெச்ஐசி கார்டு அமெரிக்காவுல செல்லாது, யுகே அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் மாதிரி எதுவும் அங்க நமக்கு இல்ல. பாலிசி எடுக்கும்போது ரெண்டு வகை காட்டும், அமெரிக்கா, கனடா, கரீபியன் இல்லாத வேர்ல்ட்வைட், அதெல்லாம் சேர்ந்த வேர்ல்ட்வைட். முதல்ல இருக்கறது விலை கம்மியா இருக்கேன்னு அவசரத்துல அமுக்கிடாதீங்க.

என் மாமியாருக்கு பிரஷரும் சுகரும் உண்டு. ஃபார்ம்ல ரெண்டையும் சொன்னோம், பிரீமியம் ஏறிச்சு, கட்டினோம். நடுவுல ஜிபி (எங்க ஏரியா டாக்டர்) பிரஷர் மாத்திரையோட டோஸை அஞ்சுல இருந்து பத்து மில்லிகிராமா மாத்திட்டார். மாத்திரை அட்டையப் பாத்துட்டு என் வீட்டுக்காரர்தான் இதைச் சொல்லணுமேன்னு ஃபோன் பண்ணார், பதினஞ்சு நிமிஷம் கேள்வி கேட்டு, கூட கொஞ்சம் காசு வாங்கிட்டு, புது லெட்டர் ஈமெயில்ல அனுப்பினாங்க. சொல்லாம விட்டிருந்தா அங்க ஏதாவது ஆகி க்ளெய்ம் போடும்போது அதையே காரணம் காட்டி மறுத்திருக்கலாம். பெரிய நோய் இருக்கறவங்களுக்கு சாதாரண கம்பெனி பாலிசி தரலைன்னா, மணிஹெல்ப்பர்ங்கற அரசு ஆதரவு சேவையில அவங்களுக்குன்னே இன்சூரன்ஸ் கம்பெனி லிஸ்ட் இருக்கு.

படி 5: எஸ்டா

கூகுள்ல தேடினா மேல வர்றது பல தடவை ஏஜென்ட் சைட்டா இருக்கும், கொடி, கழுகு எல்லாம் போட்டு அரசு சைட் மாதிரியே இருக்கும், ரெண்டு மூணு மடங்கு வாங்கிடுவாங்க. முகவரி டாட் ஜிஓவின்னு முடியுதான்னு பாருங்க. 2025 செப்டம்பர் 30-ல இருந்து ஃபீஸை 21 டாலர்ல இருந்து 40-க்கு ஏத்திட்டாங்க, கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா வேணும். 72 மணி நேரத்துக்கு முன்னாடியாவது போடச் சொல்றாங்க, நான் ஒரு மாசம் முன்னாடின்னு சொல்வேன்.

ரெண்டு வருஷம் செல்லும், ஒரு தடவைக்கு 90 நாள் வரைக்கும் இருக்கலாம். ஆனா எஸ்டா ஒட்டியிருக்கறது ஆளோட இல்ல, பாஸ்போர்ட் நம்பரோட. முந்தின தடவை எடுத்த எஸ்டா இன்னும் எட்டு மாசம் இருக்குன்னு நாங்க நிம்மதியா ஏர்போர்ட் போயிட்டோம், நடுவுல பெரியவளுக்கு பாஸ்போர்ட் புதுப்பிச்சது ஞாபகத்துக்கே வரல. கவுன்டர்ல அந்தப் பொண்ணு நாலு பேருக்கு போர்டிங் பாஸ் அடிச்சுட்டு அஞ்சாவதுல நிறுத்திட்டாங்க. நான் கீழ உக்காந்து பெட்டி மேல ஃபோனை வெச்சு புது எஸ்டாவுக்கு டைப் பண்றேன், என் பொண்ணு பக்கத்துல நின்னுகிட்டு அம்மா நான் மட்டும் வர முடியாதான்னு கேட்டுட்டே இருக்கா. நாப்பது நிமிஷத்துல அப்ரூவ் ஆச்சு. சில பேருக்கு ஒரு நாள், ரெண்டு நாள் கூட ஆகும், அப்படி ஆகியிருந்தா ஃப்ளைட் போயிருக்கும்.

கனடாவுக்கு விமானத்துல போறவங்க ஈடிஏங்கற ஆன்லைன் அனுமதி எடுக்கணும், 7 கனடா டாலர், அஞ்சு வருஷம். தரை வழியா பார்டர் தாண்டறவங்களுக்கு வேணாம், ஆனா பிளான் மாறி ஃப்ளைட்ல போக வேண்டி வந்தா உதவும், எடுத்து வைங்க.

படி 6: தங்கற இடம்

நியூயார்க் சிட்டில 2023 செப்டம்பர்ல இருந்து முழு ஃபிளாட்டை 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விடறதுக்கு கடுமையான கட்டுப்பாடு, வாடகைக்கு விடறவரும் கூடவே இருக்கணும், ரெண்டு பேருக்கு மேல தங்க முடியாது. அதனால அஞ்சு பேர் குடும்பம் மன்ஹாட்டன்ல ஃபிளாட் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டில ஹோட்டல் பாருங்க, பாத் ரயில் ஏறினா ஆத்துக்கு அடியில வேர்ல்ட் டிரேட் சென்டர்ல வந்து இறக்கிவிடும். காட்டற விலைக்கு மேல டாக்ஸ் வரும், கடைசி பக்கத்துல வர்ற மொத்தத் தொகையை வெச்சுத்தான் ஒப்பிடணும்.

படி 7: அங்க காசு

நியூயார்க்ல கடையில ஒட்டியிருக்கற விலையில வரி சேராது, பில் போடும்போது 8.875 சதவீதம் ஏறும், ஒரு துணி 110 டாலருக்குக் கீழன்னா மட்டும் வரி இல்ல. ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டா 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். கார்டு மெஷின் பவுண்டா டாலரான்னு கேட்டா எப்பவும் டாலர்னே சொல்லுங்க. வெளிநாட்டு கட்டணம் இல்லாத கார்டு ஒண்ணு எடுத்துட்டுப் போனா போதும், சப்வேலயும் அதையே தட்டிட்டு உள்ள போயிடலாம். சுதந்திர தேவி சிலையை தூரத்துல பாத்தா போதும்னா ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி முழுக்க இலவசம், போகும்போது வலது பக்கம் நில்லுங்க.

படி 8: நயாகரா

காலைல மேப்பிள் லீஃப்னு ஒரு ஆம்ட்ராக் (அமெரிக்க ரயில் கம்பெனி) ரயில், நியூயார்க் பென் ஸ்டேஷன்ல இருந்து டொரன்டோ வரைக்கும் போகும். நேரா போனா 12 மணி நேரத்துக்கு மேல, பார்டர்ல வேற ரொம்ப நேரம் நிக்கும். நாங்க அமெரிக்கப் பக்கம் நயாகரா ஃபால்ஸ் ஸ்டேஷன்லயே இறங்கி ராத்திரி தங்கிட்டு, காலைல ரெயின்போ பிரிட்ஜை பெட்டியை இழுத்துக்கிட்டே நடந்து தாண்டினோம். வாடகைக் கார் எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா ட்ராப் சார்ஜ்னு (வேற இடத்துல விடறதுக்கான கட்டணம்) தீட்டிடுவாங்க, இதுல அந்தத் தொல்லையே இல்ல. பாலத்துக்கு நடுவுல எல்லைக்கோட்டுல ஒரு பலகை இருக்கும், அங்க நின்னா ரெண்டு அருவியும் தெரியும், மாமியார் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பேசாம நின்னது பத்து நிமிஷம் இருக்கும், நாங்களும் கூப்பிடல. அந்தப் பக்கத்துல இருந்து கோ ரயில், கோ பஸ் டொரன்டோவுக்கு போகும்.

படி 9: பெட்டி

அங்க 120 வோல்ட், தட்டை முள்ளு ரெண்டு இருக்கற பிளக். ஃபோன் சார்ஜருக்கு அடாப்டர் போதும், இங்க இருந்து கெட்டிலும் ஹேர் டிரையரும் தூக்கிட்டுப் போனா வேலைக்கு ஆகாது. பச்சைக் கருவேப்பிலை ஒரு இணுக்கு கூட வேணாம், எலுமிச்சை வகைச் செடிகளைத் தாக்கற பூச்சியும் நோயும் அதோட வரும்னு அமெரிக்காவுல தடை. பழம், கறி ஐட்டமும் வேணாம். பருப்புப் பொடி, இட்லிப் பொடி எடுத்துட்டுப் போனா சாப்பாடு இருக்குன்னு டிக்ளேர் பண்ணிடுங்க, சொன்னா பாத்துட்டு விட்டுடுவாங்க, மறைச்சாத்தான் அபராதம். மாத்திரையெல்லாம் அதோட டப்பாவோடவே, ப்ரிஸ்க்ரிப்ஷன் காப்பியோட, கைப்பையில.

இமிக்ரேஷன்ல முதல் ராத்திரி எங்க தங்கறீங்கன்னு கேப்பாங்க, அந்த அட்ரஸை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, ஃபோன் சார்ஜ் இல்லாமப் போகலாம். போகும்போது எட்டு மணி நேரம் கிட்ட, திரும்பும்போது காத்து பின்னாடி இருந்து தள்றதால ஏழு மணி நேரம்தான், அதுவும் ராத்திரி ஃப்ளைட், சாப்பாடு குடுத்து விளக்கை அணைச்சு அஞ்சு மணி நேரத்துல விடிஞ்சுடும். திங்கட்கிழமை காலைல இறங்கி நேரா ஆஃபீஸ் போற மாதிரி டிக்கெட் போடாதீங்க, சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு காலைல வீட்டுக்கு வந்துடுங்க.