ரசிகராக எழுதிய ஆர்பிஜி சாகசத்தை வெளியிடும் முன்: எந்தப் பெயர் யாருடையது?

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையாக விளையாடும் ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தபோது அதில் ஹாபிட் இருந்தது, என்ட் இருந்தது, பால்ராக்கும் இருந்தது. மூன்றுமே ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதைகளிலிருந்து வந்த உயிரினங்கள். 1977 வாக்கில் உரிமைக்காரர்கள் கேள்வி கேட்டதும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது, என்ட் ‘ட்ரியண்ட்’ ஆனது, பால்ராக் ‘பேலர்’ ஆனது. ஆட்டம் தொடர்ந்தது, பெயர்கள்தான் போயின. இன்று அதே ஆட்டத்துக்கு நீங்கள் ஒரு சாகசம் (மற்றவர்கள் விளையாடுவதற்கான கதைத்திட்டம்) எழுதி வெளியிட்டாலும் முதலில் இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 1: பட்டியல் போடுங்கள்

சாகசத்தில் வரும் மான்ஸ்டர், ஸ்பெல், ஊர், தெய்வம், மாயப்பொருள், படம், வரைபடம் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நானே எழுதியது’, ‘எஸ்ஆர்டி’ (என்னவென்று கீழே சொல்கிறேன்), ‘மற்றது’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அட்டை வரைந்து லேஅவுட் முடித்த பிறகு வில்லனை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எஸ்ஆர்டி (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) என்பது, மற்றவர்கள் பயன்படுத்துவதற்கென்றே, இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இலவசமாக வெளியிட்டுள்ள விதித்தொகுப்பு. 2000 முதல் புழங்கிய ஓஜிஎல் 1.0ஏ (ஓபன் கேம் லைசென்ஸ்) என்ற பழைய உரிமத்தை மாற்ற அந்த நிறுவனம் முயன்றபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதன் விளைவாக 2023 ஜனவரி 27 அன்று எஸ்ஆர்டி 5.1-ஐக் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிப்யூஷன் 4.0 உரிமத்தில் (மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) விட்டார்கள். 2024 விதிகளை ஒட்டிய 5.2, அதே உரிமத்தில் 2025 ஏப்ரலில் வந்தது. இந்த உரிமத்தைக் கொடுத்தவர் திரும்பப் பிடுங்க முடியாது. விற்கலாம், மாற்றி எழுதலாம், தமிழில் மொழிபெயர்க்கவும் செய்யலாம். பழைய கட்டுரைகள் ஓஜிஎல்லையே சுற்றிச் சுற்றி வரும். புதிதாகத் தொடங்குபவர் அதைத் தாண்டிப் போகலாம்.

படி 2: எஸ்ஆர்டி பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள்

நினைவை நம்பாதீர்கள். கடையில் வாங்கிய விதிப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் எஸ்ஆர்டியில் இல்லை. 5.1-ஐ எடுத்துக்கொண்டால் 12 கிளாஸும் (பாத்திரத்தின் தொழில்) உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு). பேக்ரவுண்டில் (பாத்திரத்தின் பின்னணி) அக்கலைட் மட்டும், ஃபீட்டில் (சிறப்புத் திறமை) கிராப்ளர் மட்டும். ஸ்பெல்களில் இன்னும் நுணுக்கம்: புத்தகத்தில் ‘பிக்பீஸ் ஹேண்ட்’ என்றிருப்பது இங்கே ‘ஆர்கேன் ஹேண்ட்’. ‘டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க்’ வெறும் ‘ஃப்ளோட்டிங் டிஸ்க்’. மந்திரவாதிகளின் பெயரைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் என்ற புகழ்பெற்ற மான்ஸ்டர்கள் இரண்டுக்கும் ஸ்டாட் பிளாக்கே (பலம், வேகம் போன்றவற்றின் எண் பட்டியல்) கிடையாது. வாட்டர்டீப் போன்ற, அந்த ஆட்டத்தின் கற்பனை ஊர்களும் உங்களுக்கு இல்லை.

20 பக்கப் பகடையை உருட்டி, போனஸ் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட்டதா என்று பார்க்கும் முறைக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. அந்த முறையை விளக்கும் வாக்கியங்களுக்கு உண்டு. ஆகவே எஸ்ஆர்டியில் இல்லாத பத்தியை வெட்டி ஒட்டாதீர்கள்.

படி 3: ‘மற்றது’ என்று குறித்ததை மாற்றுங்கள்

பலர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்கிறார்கள். பிஹோல்டருக்கு ‘கண்ணரசன்’ என்று பெயர் வைத்து, மிதக்கும் உருண்டை, நடுவில் மாயத்தைத் தடுக்கும் பெரிய கண், மேலே பத்துக் கண்காம்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கதிர் என அப்படியே விட்டால், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கதையில் அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ‘கீழறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பது’ என்றால், பாழுங்கிணற்றுச் சுவரில் இறங்கிய வேர், அதன் கணுக்களில் கண்கள், தொட்டவரை உள்ளே இழுக்கும் என்று எழுதலாம். எண்களுக்கு எஸ்ஆர்டியில் உள்ள ரோப்பர் என்ற மான்ஸ்டரை அடிப்படையாக வையுங்கள். அதுவும் கொடிபோல் நீட்டிப் பிடித்து இழுப்பதுதான். சொல்லப்போனால், வேர்தான் நல்ல வில்லன். விளையாடுபவர்களுக்கு அதன் பலவீனம் முன்பே தெரிந்திருக்காது.

படி 4: நன்றிக்குறிப்பு

எஸ்ஆர்டியின் தொடக்கத்தில், அப்படியே சேர்க்கச் சொல்லி ஒரு ஆங்கிலப் பத்தி இருக்கும். எழுத்து மாறாமல் எடுத்து உங்கள் உரிமப் பக்கத்தில் ஒட்டுங்கள். 5.1-க்கும் 5.2-க்கும் வேறு வேறு பத்தி. இரண்டிலிருந்தும் எடுத்திருந்தால் இரண்டும் வேண்டும். மாற்றியிருந்தாலோ மொழிபெயர்த்திருந்தாலோ அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பத்தியை மறந்தால் உரிமம் தானாகவே ரத்தாகும். தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகவே திரும்பக் கிடைக்கும். அந்தப் பத்தியில் இருப்பதைத் தவிர விசார்ட்ஸ் பெயரைப் பெருமையாக வேறெங்கும் போடாதீர்கள். அட்டையில் ஆட்டத்தின் லோகோவும் கூடாது, ஏனென்றால் இந்த உரிமம் வணிகக்குறியைத் தொடுவதில்லை. ‘5இ கம்பேட்டிபிள்’ (ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்) என்று போட அனுமதி உண்டு, அது போதும்.

படி 5: எங்கே வெளியிடுவது?

படி 3-ல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் இட்ச், டிரைவ்த்ரூஆர்பிஜி போன்ற விற்பனைத் தளங்கள், சொந்தத் தளம் என எங்கும் விற்கலாம்.

பிஹோல்டரும் வாட்டர்டீப்பும் இல்லாமல் முடியாது, காசும் வேண்டும் என்றால், விசார்ட்ஸ் அனுமதியோடு நடக்கும் டிஎம்ஸ் கில்டு என்ற விற்பனைத் தளம். அனுமதித்த உலகங்களையும் மான்ஸ்டர்களையும் அங்கே பயன்படுத்தலாம். விற்பனையில் 50% உங்களுக்கு. ஆனால் அந்தப் படைப்பை வேறெங்கும் வெளியிட முடியாது, நீங்கள் உருவாக்கியதைக் கில்டில் எழுதும் மற்றவர்களும் எடுத்தாளலாம். நீண்ட காலமாக வளர்த்துவரும் சொந்த உலகத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள்.

மூன்றாவது, விசார்ட்ஸின் ரசிகர் படைப்புக் கொள்கை. இதில் ‘இலவசம்’ என்றால் முழு இலவசம். பேட்ரியான் தளத்தில் காசு கட்டும் சந்தாதாரருக்கு மட்டும் என்பது கூடாது. ஈமெயில் கொடுத்தால்தான் டவுன்லோட் என்பதும் கூடாது. பலர் மாட்டுவது இந்த ஈமெயில் விஷயத்தில்தான். விரும்பியவர் தரும் நன்கொடையை வாங்கலாம். அதிகாரபூர்வமற்றது என்று அந்தக் கொள்கை தரும் அறிவிப்பைச் சேர்க்க வேண்டும்.

படி 6: படங்கள்

கூகுளில் கிடைத்தது உங்களுடையதல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் படமாக இருந்தாலும் ‘நான்கமர்ஷியல்’ (வணிகத்துக்கு அல்ல) என்றிருந்தால் விற்கும் பிடிஎஃப்பில் வைக்க முடியாது. ஓவியரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கினால், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 7: ஏற்றும் முன்

மாற்றிய பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப்பில் தேடுங்கள். உரையில் இருக்காது, வேறு இடங்களில் ஒளிந்திருக்கும்: புக்மார்க், கோப்பின் பெயர், தளத்தில் போடும் டேக். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருப்பது தேடலில் சிக்காது, பெரிதாக்கிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.