ரேம் டெஸ்ட் எழுதும்போது கம்பைலரிடம் ஏமாறாமல் இருக்க

ஓசூர் சிப்காட் பக்கம் போர்டு டெஸ்டிங் வேலைக்குப் போகிற கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு என்றைக்காவது ஒரு நாள் ரேம் டெஸ்ட் எழுத வேண்டி வரும். லாஜிக் ரொம்ப எளிது. ஒரு முகவரியில் 01010101 எழுது, திரும்பப் படி, ஒப்பிடு. அப்புறம் 10101010. ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலைச் சுருக்கி வேகமாக்குவது) இல்லாமல் ஓ0-வில் கம்பைல் செய்தால் ஒழுங்காக ஓடும். ஆப்டிமைசேஷன் உள்ள ஓ2-வுக்கு மாற்றினால், ரேம் சிப்பே சால்டர் செய்யாத போர்டுகூட ‘பாஸ்’ ஆகிவிடலாம்.

காரணம், எழுதியது அப்படியே இருக்கும் என்று கம்பைலர் (சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) நம்புகிறது. ‘இப்போதுதானே எழுதினாய், அதுதானே வரும்’ என்று படிப்பதையும் ஒப்பிடுவதையும் தூக்கிவிடுகிறது. சி மொழி விதிப்படி அது தப்பே இல்லை.

முதல் வேலை, முகவரியைக் காட்டும் பாயின்டரை அறிவிக்கும்போது ‘வோலடைல்’ சேர்ப்பது. ‘சொன்ன ஒவ்வொரு முறையும் நிஜமாகவே எழுது, படி’ என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல் அது. நட்சத்திரக் குறிக்கு முன்னால் சேர்க்க வேண்டும். பின்னால் போட்டால் பாயின்டர்தான் வோலடைல் ஆகும், அது காட்டும் இடம் ஆகாது. கம்பைலரும் எச்சரிக்காது. புதியவர்கள் வழுக்குவது இங்கேதான்.

அடுத்து, எழுதிய கையோடு படிக்காதீர்கள். முழுப் பகுதியையும் எழுதி முடித்துவிட்டு, முதலிலிருந்து படித்து வாருங்கள். சிப் இல்லாவிட்டாலும் டேட்டா லைனில் கடைசி மின்னழுத்தம் கொஞ்ச நேரம் தங்கி, சரியான விடை போலவே தெரியும்.

டெஸ்டுக்கு முன் ரேமில் இருந்த பழைய தரவைச் சாதாரண பாயின்டரால் எடுத்து வைக்கிறீர்களா? வோலடைல் அந்த வரிகளின் வரிசையைக் காப்பாற்றாது. ஜிசிசி கம்பைலரில் காலியான ‘ஏஎஸ்எம் வோலடைல்’ வரி ஒன்றை அந்த வரிகளுக்கும் டெஸ்டுக்கும் நடுவில் போட்டு, க்ளாபர் இடத்தில் (இந்த வரி எதையெல்லாம் மாற்றலாம் என்று சொல்லும் இடம்) ‘மெமரி’ என்று எழுதுங்கள்.

வோலடைல் கேஷையும் (ரேமில் உள்ளதைப் பிராசசர் பக்கத்திலேயே நகல் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்) தடுக்காது. கார்டெக்ஸ் எம்7 மாதிரி டேட்டா கேஷ் உள்ள சிப்பில் கேஷை அணைத்துவிட்டு டெஸ்ட் ஓட்டுங்கள். இல்லையென்றால் சோதிப்பது ரேமை அல்ல, கேஷை.

‘ஓ0-விலேயே விட்டுவிடலாமே’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு யாராவது மேக்ஃபைலை (கம்பைல் செய்யும் முறையை எழுதி வைத்த கோப்பு) மாற்றினால் டெஸ்ட் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இனி ‘ஆப்ஜ்டம்ப் மைனஸ் டி’ என்ற கட்டளையைக் கொடுத்து, கம்பைலர் உண்மையில் உருவாக்கிய அசெம்பிளியைப் பாருங்கள். ஆர்ம் சிப் என்றால் எழுதும் லூப்பில் எஸ்டிஆர் (எழுது), படிக்கும் லூப்பில் எல்டிஆர் (படி), அதன் பின் சிஎம்பி (ஒப்பிடு) இருக்க வேண்டும். எல்டிஆர் காணோம் என்றால் வோலடைல் எங்கோ விடுபட்டிருக்கிறது.

கடைசியாக, இரண்டு லூப்புக்கும் நடுவில் நிரல் நிற்கும்படி பிரேக்பாயின்ட் வைத்து, டீபக்கரில் ஏதாவது ஒரு முகவரியில் ஒரு பிட்டை மாற்றிவிட்டுத் தொடரவிடுங்கள். டெஸ்ட் அந்த முகவரியைச் சொல்லி ‘ஃபெயில்’ காட்ட வேண்டும்.