பழைய காதல் நாவலையும் அதன் படத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி? ஒரு செய்முறை

காதல் நாவலைப் படித்து முடித்துவிட்டு அதன் படத்தையும் பார்த்தவர்கள் வழக்கமாகச் சொல்வது, "புத்தகம் மாதிரி இல்லை." பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. பழைய காதல் கதைகளில் காதலர்களை விடக் கெட்டியானது அவர்களுக்குக் குறுக்கே நிற்கும் தடை. அது எதனால் ஆனது என்று முதலில் பிடித்துக்கொண்டால் நாவல் புரியும், படம் எடுத்தவர் எங்கே கை வைத்தார் என்பதும் தெரியும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை என்று மலையாளம் காதுக்குப் பழகிய தமிழ் வாசகர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு நாவல்-பட ஜோடி கீழே இருக்கிறது.

1. ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்தவர்களுக்கு முதல் ஜோடி 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவல், ராமு காரியாட் 1965இல் எடுத்த படம். தமிழில் மொழிபெயர்த்தவர் நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி, வெளியிட்டது சாகித்திய அகாதெமி. மலையாளம் வாசிக்கத் தெரிந்தாலும் முதல் தடவை தமிழிலேயே படியுங்கள். ஆலப்புழைக் கடற்கரையின் பேச்சு திருவனந்தபுரத்து மலையாளம் மட்டும் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

இரண்டாவது ஜோடி ஜேன் ஆஸ்டனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811), ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000). மூன்றாவது அதே ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813), பிபிசி 1995இல் ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடர். ஆங்கில நாவலே வேண்டாம் என்பவர்கள் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' எடுக்கலாம். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1968இல் ஏ.பி. நாகராஜன் கையில் படமானது. சித்தூர், திருத்தணிப் பக்கத்தவர்களுக்கு சரத் சந்திரரின் 'தேவதாஸ்'. 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. இரண்டு மொழியும் தெரிந்த வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனிச் சுகம்.

எமிலி ப்ராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' முதல் புத்தகமாக வேண்டாம். இரண்டு தலைமுறைக் கதை, இரண்டு கேத்தரின்கள். 1939இல் வில்லியம் வைலர் எடுத்த படம் இரண்டாம் தலைமுறையைத் தொடவே இல்லை. படத்தை நம்பி நாவலுக்குள் போகிறவர்கள் பாதியில் வழி தவறுகிறார்கள்.

2. பிரதியைச் சரிபாருங்கள்

ஆஸ்டன் நாவல்கள் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம் வாங்கினால் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 61 அத்தியாயம், 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 50. குறைந்தால் அது பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய பதிப்பாக இருக்கும். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது பணம், உயில், வாரிசு பற்றிய பத்திகளைத்தான். இந்தச் செய்முறைக்கு அவைதான் உயிர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த நாவல்கள் முதலில் மூன்று பாகங்களாக வந்தவை. 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 23, 19, 19 அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கும். சில பதிப்புகள் ஒன்று முதல் 61 வரை தொடர்ந்து எண்ணிடும், சில ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். நாயகன் டார்சி முதல் தடவை நாயகி எலிசபெத்திடம் மனதைத் திறக்கும் அத்தியாயம் ஒரு பதிப்பில் 34, மற்றொன்றில் இரண்டாம் பாகம் 11. நாலு பேர் சேர்ந்து படிக்கும்போது எல்லாரும் ஒரே எண்முறைக்கு மாறிவிடுங்கள்.

3. தடையைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். எந்த நாவலை எடுத்தாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? அவர் கண்ணை மூடினால் யாருக்குப் போகும்? கல்யாணத்தில் கடைசிச் சொல் யாருடையது?

'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்ட். ஐந்தும் பெண் பிள்ளைகள். சொத்து ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அப்பா இறந்த மறுநாள் வீடு தூரத்து உறவினரான காலின்ஸ் கைக்குப் போய்விடும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாக எழுதிவைத்திருப்பது 5,000 பவுண்ட். ஒரு பெண்ணுக்கு ஆயிரம், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. நான்கு சதவீத வட்டியில் ஆண்டுக்கு 40 பவுண்ட். டார்சியின் வருமானம் ஆண்டுக்குப் பத்தாயிரம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இது இங்கிலாந்துச் சமாச்சாரம், நமக்கு எட்டாது என்று தோன்றினால், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எடுத்து வாசியுங்கள். சொத்து மகனுக்குப் போகாமல் தமக்கை தங்கையரின் பிள்ளைகளுக்குப் போகிற முறையில், காரணவரின் (குடும்பத் தலைவரின்) மனைவியும் மக்களும் என்ன பாடுபட்டார்கள் என்று ஒரு மனைவியின் வாயாலேயே சொல்கிறது. அங்கே மருமகன், இங்கே தூரத்து ஆண் உறவினன். வழி வேறு, ஆனால் வீட்டை விட்டு இறங்குகிறவர்கள் அதே மனைவியும் மக்களும்தான். மான்மியத்தைப் படித்த பிறகு பென்னட் அம்மாளைப் பார்த்துச் சிரிப்பு வராது. அவள் போடுகிற சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. பல படங்கள் அவளை வெறும் கோமாளியாக்கிவிடுவது எனக்குப் பெரிய மனக்குறை.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் பயிற்சிக்கு இரண்டாம் அத்தியாயம் போதும். சிற்றன்னையின் மக்களான தங்கைகள் மூவருக்கும் சேர்த்து 3,000 பவுண்ட் கொடுக்கலாம் என்று நினைக்கிறான் ஜான் டாஷ்வுட். மனைவி ஃபேனி பேசப் பேச அது ஆளுக்கு 500 ஆகிறது, பிறகு சிற்றன்னைக்கு ஆண்டுக்கு 100, பிறகு எப்போதாவது 50, கடைசியில் வீடு மாற்றக் கூடமாட உதவி செய்தால் போதும் என்று முடிகிறது. வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு தொகை குறையும்போதும் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்.

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இதே தடையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவரும்போது தாத்தாவின் உயிலைப் பிடித்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்ட மகளுக்கு ஒன்றுமில்லை, சொத்தெல்லாம் மகனுக்கு. சரியான தேர்வு. சொந்தமாகச் சம்பாதித்ததை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இன்றைக்கும் நம் ஊரில் சட்டம், அதனால் 2000இல் எடுத்த கதையிலும் தடை கெட்டியாக நிற்கிறது. நாவலில் காதலியை விட்டுவிட்டு வில்லோபி செய்யும் பணக்காரக் கல்யாணம், படத்தில் ஸ்ரீகாந்தின் திவாலான நிதி நிறுவனமாக மாறுவதும் இதே வகைதான். வில்லோபியைப் பணம் எந்தப் பக்கம் தள்ளியதோ, ஸ்ரீகாந்தையும் அந்தப் பக்கமே தள்ளுகிறது.

'செம்மீ'னில் தடை இரண்டு. கறுத்தம்மா மீனவப் பெண், பரீக்குட்டி முஸ்லிம் வியாபாரி என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கரையில் பெண் ஒழுக்கம் தவறினால் கடலம்மை ஆணைத் திரும்ப விடமாட்டாள் என்ற நம்பிக்கையும் கண்ணுக்கு நேராகவே நிற்கிறது. இரண்டாவது தடை கடன். நாவலின் முதல் உரையாடலையே பாருங்கள். அப்பன் வள்ளமும் வலையும் வாங்கப் போகிற செய்தி, அதற்குப் பணம் உதவுவாயா என்ற கேள்வி, மீனை எனக்கு விற்பாயா என்ற பதில். இருவருக்குள்ளும் முதலில் புழங்குவதே பணப் பேச்சுதான். பிறகு அவள் அப்பன் செம்பன்குஞ்ஞு வாங்கியதைத் திருப்பித் தராததால், கறுத்தம்மாவின் மனதில் காதலும் கடனும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கவனிக்காதவர்களுக்கு அவளுடைய குற்ற உணர்ச்சி பாதிதான் விளங்கும்.

நம் கடற்கரைக் கிராமத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலின் நம்பிக்கைகள் ஆலப்புழைப் பக்கத்து நீர்க்குன்னம், திருக்குன்னப்புழைக் கரைகளை வைத்து எழுதியவை. குளச்சலிலோ மணக்குடியிலோ அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டாம். கதைக்குள் அந்த நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

4. படிக்கும்போது

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. கைபேசியில் குறிப்பெடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைப் புரட்ட முடியாது. ஓரத்தில் மூன்று எழுத்துகள் போதும்: பணம் வந்தால் 'ப', தடை வந்தால் 'த', கடிதம் வந்தால் 'க'. கடிதத்துக்குத் தனிக்குறி எதற்கென்றால், திரையில் காட்டக் கடினமானது அதுதான். எழுதியவர் குரல், படிப்பவர் முகம், நடந்து முடிந்த சம்பவம் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவர வேண்டும். 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 35ஆம் அத்தியாயத்தில் வரும் டார்சியின் நீண்ட கடிதத்துக்கு 1995 தொடர் தாராளமாக நேரம் கொடுக்கிறது. அதே நாவலை வைத்து 2005இல் வந்த, இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படத்தால் அப்படி முடியாது.

பெயர்க் குழப்பம் ஒன்று. ஆஸ்டனில் 'மிஸ் பென்னட்' என்றால் மூத்த மகள் ஜேன் மட்டும், மற்றவர்களுக்குப் பெயரும் சேரும். ஜேன் இல்லாத இடத்தில் எலிசபெத்தே 'மிஸ் பென்னட்' ஆகிவிடுவாள். இது தெரியாமல் படித்தால் டார்சியின் உறவினளான காதரின் சீமாட்டி யாரிடம் பேசுகிறாள் என்றே தெரியாது.

எதை முதலில், படமா புத்தகமா? 'செம்மீன்' என்றால் நாவலை முழுக்க முடித்துவிட்டுத்தான் படம். சலில் சௌதுரியின் இசையும் மன்னா டே பாடிய 'மானச மைனே வரூ' பாட்டும் ஒரு தடவை காதில் ஏறிவிட்டால், பரீக்குட்டியை உங்கள் மனம் தனியாக உருவாக்காது. ஆஸ்டனுக்கு நேர்மாறு. முதல் 12 அத்தியாயம் முடித்ததும் தொடரின் முதல் பகுதியைப் பார்த்துவிடுங்கள். முகங்கள் பதிந்துவிட்டால் மீதி வாசிப்பு வேகமாகப் போகும்.

5. பார்க்கும்போது

முதல் தடவை நிறுத்தாமல். இரண்டாம் தடவை, ஓரத்தில் 'த' போட்ட மூன்று காட்சிகளை மட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: விட்டது என்ன, சேர்த்தது என்ன, தடை இறுகியதா தளர்ந்ததா. 1995 தொடரில் டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு வரும் காட்சி நாவலில் கிடையாது. பெம்பர்லி மாளிகையில் எலிசபெத் டார்சியின் ஓவியத்தின் முன் நிற்பது நாவலில் உண்டு, 2005 படம் அங்கே சிலையை வைக்கிறது.

தடையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், அடூர் கோபாலகிருஷ்ணன் 1990இல் வைக்கம் முகம்மது பஷீரின் நாவலிலிருந்து எடுத்த 'மதிலுகள்'. சிறை மதிலுக்கு அப்பால் இருக்கும் காதலி நாராயணியைப் படம் காட்டவே இல்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். நாவலில் கதைசொல்லும் கைதியான பஷீருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரிகிறது. நாவலும் சின்னது, ஒரே மூச்சில் படிக்கலாம்.

6. வசன எழுத்து (சப்டைட்டில்) தள்ளிப்போனால்

நிறையப் பேர் கேட்டதால் சேர்த்த பகுதி. கணினியில் விஎல்சி செயலியில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து பேச்சுக்கு முந்தி வந்தால் 'எச்' விசை, பிந்தி வந்தால் 'ஜி'. ஒரு அழுத்தலுக்கு 50 மில்லி விநாடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறதா? அப்படியானால் விசையால் தீராது. படம் விநாடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), எழுத்துக் கோப்பு 23.976க்குச் செய்தது என்றால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களில் இது அடிக்கடி வரும். அந்தப் பிரதிக்கென்றே செய்த கோப்பைத் தேடுவதுதான் வழி.

7. சேர்ந்து பேசும்போது

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். வாசகசாலையிலோ மண்டபத்திலோ திரையிடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அது தேவையில்லாமல் போகாது. அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, பேச மட்டும் கூடுவது எளிது.

2005 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' எடுத்துக்கொண்ட குழுக்களில் முடிவைப் பற்றிச் சண்டை வருவது உண்டு. ஒருவர் அப்பா பென்னட்டோடு படம் முடிந்தது என்பார், இன்னொருவர் பெம்பர்லியில் இருவரும் முத்தமிடுவதோடு என்பார். இரண்டும் சரி. பிரிட்டனுக்கு ஒரு முடிவு, அமெரிக்காவுக்கு ஒரு முடிவு என்று இரண்டு பிரதிகள் வெளிவந்தன. எல்லாரும் ஒரே பிரதியைப் பார்த்திருக்கிறீர்களா என்று உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.