சமையல் மேடைக்குக் கல் எடுக்கும்போது

சமையல் மேடைக்குக் கல் எடுக்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் நிறத்தை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறார்கள். அலமாரிக் கதவின் நிறத்துக்குப் பொருந்துமா, சுவரில் ஒட்டிய டைல்ஸுக்கு எடுப்பாக இருக்குமா என்பதே பேச்சாக இருக்கிறது. ஆனால் அந்தக் கல் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு நாள்தோறும் சந்திக்கப்போவது புளிக்கரைசலையும் மஞ்சள்தூளையும் நல்லெண்ணெயையும், பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையும்தான். இந்த நான்கையும் தாங்கும் கல் எது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் பிடித்த நிறத்தைத் தேடுவதே முறை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மார்பிள் முதலிலேயே விலகிவிடும். மார்பிள் என்பது சுண்ணாம்புச் சத்தாலான கல்; எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ பட்ட இடத்தில் அதன் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கிய வட்டமாக நின்றுவிடும். அது கறை அன்று, கல்லே கரைந்த தழும்பு என்பதால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்ததே. மேடைக்கு அடியில் தட்டுகளாகவும் தாங்கு பலகைகளாகவும் வைக்க அதைவிடச் சிக்கனமான கல் கிடையாது என்றாலும், மேற்பரப்பாகப் போட்டால் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் செயற்கைப் பலகைகள் பெரும்பாலும் கறைக்கு அஞ்சாதவை. ஆனால் கல்தூளைப் பிணைத்திருக்கும் பிசின் சூட்டுக்கு அஞ்சும். அப்பளம் பொரித்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் அதைப் போட்டால், எப்போதும் ஒரு மனைப்பலகையைத் தேடிக்கொண்டே இருக்க நேரும்.

மீதமிருப்பது கிரானைட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் கடினத்தன்மை 3 என்றால், கிரானைட்டில் உள்ள கனிமங்களுடையது 6 முதல் 7 வரை. சமையல் கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5 என்பதால், மேடைமீது நேரடியாகக் காய் நறுக்கினால் மழுங்குவது கத்திதான், கல் அன்று. ஆனால் கடையில் கிரானைட் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. கன்னங்கரிய கற்களும், ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகே சீமகுர்த்தியில் வெட்டப்படும், கறுப்பில் பொன்துகள் மின்னும் பிளாக் கேலக்ஸியும் நிலவியல்படி கிரானைட்டே அல்ல. எரிமலைக் குழம்பு பூமிக்குள்ளேயே இறுகிய டோலரைட், காப்ரோ வகைப் பாறைகள். துகள்கள் மிக நெருக்கமாக இருப்பதால் அவை நீரையோ எண்ணெயையோ உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். தெலங்கானாவின் கரீம்நகர்ப் பகுதியில் கிடைக்கும் டேன் பிரவுனும் நம்பகமான கல்.

மறுபுறம், காஷ்மீர் ஒயிட் என்றொரு வெள்ளைக் கல் உண்டு. பெயரில்தான் காஷ்மீர், வெட்டப்பட்டதென்னவோ மதுரை மாவட்டத்தில். சிவப்பு மணிகள் தூவியதுபோல் அழகாக இருக்கும் அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும் இயல்புடையது. அதில் உள்ள இரும்புச் சத்து ஈரத்தில் துருப்பிடித்து, நாளடைவில் மஞ்சள் திட்டுகளை வெளிப்படுத்தக்கூடும். வெளிர் நிறக் கல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாம்பார் தாளிக்கும் மேடைக்குக் கறுப்பு அல்லது பழுப்பு, உணவு மேசைக்கோ பூஜை அறைக்கோ வெள்ளை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு ஆசையும் நிறைவேறும்.

பெயர் ஒரு குறிப்பு மட்டுமே. ஒரே பெயரில் வெவ்வேறு குவாரிக் கற்கள் விற்கப்படுவதால் எடுக்கப்போகும் பலகையையே சோதிக்க வேண்டும். கடைக்குச் செல்லும்போது ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு வெள்ளைத் துணி, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சிறிது ஆகியவற்றை எடுத்துச் சென்றால் போதும். முதலில் அதே கல்லின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பாலிஷ் பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீரும் இன்னொரு இடத்தில் எலுமிச்சைச் சாறும் விட வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கும்போது தண்ணீர் விட்ட இடம் கருத்திருந்தால் அந்தக் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். எலுமிச்சை பட்ட இடம் மங்கியிருந்தால் அதில் சுண்ணாம்புச் சத்து கலந்திருக்கிறது என்று பொருள். கறுப்புக் கல்லாக இருந்தால் இன்னொரு சோதனையும் தேவை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கன்னங்கறுப்பு என்று விற்பதும் நடக்கிறது. வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து அழுத்தித் தேய்க்கும்போது துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல்லை விட்டுவிடலாம். சாயக்கல் கடையில் இருக்கும்வரைதான் கறுப்பு. சமையலறைக்கு வந்த சில மாதங்களில் அடுப்பைச் சுற்றி வெளுக்கத் தொடங்கும்.

விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் பலர் தவறவிடும் இடம். பலகையின்மீது தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நிற்கும், அதுவே விரிசல். கல்லின் இயற்கையான ரேகை நகத்தில் தட்டுப்படாது, விரிசல் தட்டுப்படும். நாணயத்தால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் கல் முழுமையாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கக்கூடும். பலகையின் பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். அங்கே வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் வலுவூட்டப்பட்டது என்று புரிந்துகொண்டு, ஏன் ஒட்டினார்கள் என்று கேட்பதில் தவறில்லை. இவை அனைத்தையும் வெயில் வெளிச்சத்தில் செய்வது நல்லது. கூரைக்குக் கீழே மின்விளக்கில் எல்லாக் கல்லும் அழகுதான். தடிமனையும் டேப் வைத்து அளந்துவிட வேண்டும். உள்ளூர்க் கடைகளில் 16 முதல் 18 மில்லிமீட்டர் வரை கிடைப்பது வழக்கம். ஒரே மேடையில் சேரப்போகும் இரண்டு பலகைகளின் தடிமன் ஒன்றாக இல்லாவிட்டால் இணைப்பில் படி விழும். இரண்டும் ஒரே பாறைத் தொகுதியிலிருந்து அடுத்தடுத்து அறுத்தவையாக இருந்தால் நிறமும் கூடிவரும்.

விலை சதுர அடிக்கணக்கு என்பதால், வேண்டிய அளவுக்கு மட்டும் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. 9 அடி நீளமும் 2¾ அடி அகலமும் உள்ள பலகையில் 2 அடி அகல மேடைக்குத் தேவைப்படுவது 18 சதுர அடிதான், கட்டணமோ 24.75 சதுர அடிக்கு. மீதமாகும் 9 அங்குலப் பட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அதை இரண்டாகக் கிழித்தால் 4 அங்குல உயரத்தில் 18 அடி நீளத்துக்குச் சுவரோரப் பட்டி கிடைக்கும். மேலும், கல்லின் விலையோடு கணக்கு முடிவதில்லை. அறுப்புக்கூலி, ஓடும் அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் விளிம்பு மோல்டிங், சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை வெட்டும் கூலி, ஏற்றுக்கூலி, ஜி.எஸ்.டி. ஆகிய ஒவ்வொன்றும் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கல்லைச் செங்குத்தாக நிறுத்தியே கொண்டுவர வேண்டும். படுக்க வைத்தால் வண்டியின் குலுக்கலில் தன் எடையாலேயே முறிந்துவிடும். 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர அடி ஏறக்குறைய நான்கரை முதல் ஐந்து கிலோ என்பதால், 10 அடிக்கு 2 அடி மேடைக் கல் நூறு கிலோவை நெருங்கும். சிங்க்குக்கான துளையை வீட்டில் வைத்து வெட்டுவதே பாதுகாப்பு, ஏனெனில் துளைக்கு முன்னும் பின்னும் எஞ்சும் மெல்லிய பட்டையே பலகையின் மிகப் பலவீனமான இடம். இணைப்பும் அந்த இடத்தில் வரக் கூடாது. அடியில் உள்ள கான்கிரீட் தளம் ரசமட்டத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடைவெளி இல்லாமல் கலவை நிரப்பிப் பதிக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் உரலில் இடிக்கும் ஒரு நாளில் அந்த இடம் விரியும். வெளிர் நிறக் கல்லுக்குச் சாம்பல் சிமெண்டைப் பயன்படுத்தினால் அதன் நிறம் ஊறி மேலே தெரியும் என்பதால் வெள்ளைச் சிமெண்டே ஏற்றது. விளிம்பின் அடிப்பக்கத்தில் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு இழுக்கச் சொன்னால், வழியும் தண்ணீர் அலமாரிக் கதவுக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனாலும் கேட்டால்தான் செய்வார்கள்.

வேலை முடிந்த அன்று, தரையில் உள்ள சிமெண்டைப் போக்க வாங்கிய ஆசிட்டை மேடையிலும் ஊற்றித் தேய்த்துவிடுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் கேடு. இரும்புச் சத்துள்ள கல் அந்த ஒரு நாளிலேயே துருத்திட்டு கண்டுவிடும். தண்ணீர்ச் சோதனையில் உறிஞ்சிய கல்லாக இருந்தால், பதித்து நன்றாக உலர்ந்த பிறகு, கல்லுக்குள் ஊறி அதன் நுண்துளைகளை அடைக்கும் சீலர் என்ற திரவத்தைப் பூச வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். உறிஞ்சாத கறுப்புக் கல்லுக்குச் சீலர் தேவையில்லை. பூசினால் மேலே படலமாகத் தங்கி மங்கலாக்கும். பூசிய கல்லில் ஆண்டுக்கொரு முறை அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து, கருத்தால் மட்டும் மறுபடி பூசலாம்.

அன்றாடப் பராமரிப்புக்குப் பாத்திரம் தேய்க்கும் மென்மையான திரவம் சில சொட்டும் ஈரத்துணியும் போதும். எண்ணெய் ஊறிக் கருத்த இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். குழாயடியில் படியும் உப்பை ஆசிட்டால் கரைக்காமல், சவர பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டி எடுக்கலாம். விளிம்பில் தேங்காய் உடைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் சூட்டையும் கத்தியையும் தாங்கும் கல்லின் விளிம்பு ஓங்கிய அடியைத் தாங்காது. அறுத்த மீதியில் ஓர் உள்ளங்கை அகலத் துண்டைச் சிங்க்குக்கு அடியில் போட்டு வையுங்கள்; புதிதாக எந்தத் திரவம் வாங்கினாலும் முதலில் அதன்மீது ஊற்றிப் பார்த்துவிட்டு, பிறகு மேடைக்குக் கொண்டுவரலாம்.