ஆயில் ஃபில்டர் மாற்றும்போது கேஸ்கெட்டையும் உள்வால்வையும் கவனித்தல்

மதுரையில் வீட்டு வாசலிலேயே காருக்கு ஆயில் மாற்றுவோர், பழைய ஃபில்டரைக் கழற்றியவுடன் கசிவைத் தடுக்கும் அதன் ரப்பர் வளையமான கேஸ்கெட்டும் உடன் வந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். சூட்டில் இறுகிய கேஸ்கெட் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் பொருத்திவிட்டால், ஆயில் அழுத்தத்தில் ரப்பர் பிதுங்கி, சிறிது நேரத்திலேயே ஆயில் வெளியேறி, இன்ஜினே பழுதாகிவிடக்கூடும். இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

பொருந்தும் பரப்பைத் துடைத்து, புதிய கேஸ்கெட்டில் புது ஆயிலை மெல்லியதாகப் பூசி, அது பரப்பைத் தொட்டபின் பெரும்பாலும் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று சத்தம் எழுந்தால், வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ஃபில்டரின் உள்வால்வு இறுகிப்போய்ச் சரியாக மூடாமல் இருக்கலாம். ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ அமைந்த இன்ஜின்களுக்கு, நம் ஊர் வெயிலையும் எண்ணிப் பார்த்தால், எளிதில் இறுகாத சிலிக்கோன் வால்வுள்ள ஃபில்டரே நல்லது என்பேன்.

ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சிறிது ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிபாருங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கண்மாயிலோ ஊற்றாமல், கழிவு ஆயில் சேகரிப்போரிடம் கொடுத்துவிடுங்கள்.