சைபர்பங்க் கார்டு கேம்: நெட்வொர்க்கையும் தெருவையும் சேர்த்துக் கட்டுவது எப்படி?

சைபர்பங்க், அதாவது ஹேக்கர்களும் பெரும் நிறுவனங்களும் மோதும் எதிர்கால உலகம் என்கிற தீமில் சொந்தமாக ஒரு கார்டு கேம் செய்ய உட்கார்ந்தால் கை முதலில் எழுதுவது ஃபயர்வால், வைரஸ், பாஸ்வேர்டு என்றுதான். இருபது, முப்பது கார்டு எழுதியபின் பார்த்தால் எல்லாமே நெட்வொர்க்குக்குள் நடக்கும். பெயர்களை அழித்துவிட்டால் மிஞ்சுவது கூட்டல் கழித்தல் கணக்கு. கீபோர்டுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், அவன் வீட்டுக் கதவை உடைக்கலாம் என்பது ஆட்டத்தின் விதியிலேயே தெரிய வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நெட்ரன்னர் என்கிற கார்டு கேம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1996-இல் வந்தது. 2012-இல் ‘ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர்’ ஆனது. 2018-இல் அதுவும் நின்றுபோக, இப்போது ரசிகர்கள் தொடங்கிய ‘நல் சிக்னல் கேம்ஸ்’ (Null Signal Games) என்கிற அமைப்பு அதை நடத்துகிறது. ஒருவர் கார்ப்பரேஷன், எதிரே இருப்பவர் ரன்னர் என்கிற ஹேக்கர்.

1. கார்டுகளை இரண்டாகப் பிரியுங்கள்

வெற்று அட்டைகளில் ஹேக்கருக்கு 20 கார்டு எழுதுங்கள். நெட்வொர்க்கில் இருப்பவை ஒரு பக்கம், தெருவில், அதாவது நிஜ உலகில் இருப்பவை இன்னொரு பக்கம். பாதிக்குப் பாதி வேண்டியதில்லை. 12-க்கு 8 போதும்.

2. இரு பக்கத்துக்கும் வேறு வேறு விதி கொடுங்கள்

படம் மட்டும் மாறி விதி ஒன்றாக இருந்தால் பயனில்லை. நெட்ரன்னரில் புரோகிராம் வைக்க மெமரி வேண்டும். தொடக்கத்தில் 4 யூனிட்தான் உண்டு. ரிசோர்ஸ் கார்டு பெரும்பாலும் தெரிந்த ஆள், பதுங்குமிடம், பகுதிநேர வேலை போன்றது. அதற்கு மெமரி தேவையில்லை. ஆனால் ரன்னர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் கார்ப்பரேஷன் அதைப் பறிக்கலாம்.

3. இடையில் ஒரு பாலம் போடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். நெட்ரன்னரில் அந்தப் பாலத்தின் பெயர் டேக். ரன்னர் சர்வருக்குள் நுழையும்போது சர்வரைக் காக்கும் ‘ஐஸ்’ கார்டுகளில் சில அவர்மேல் டேக் போடும். ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று கார்ப்பரேஷனுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். டேக்கை நீக்க ரன்னருக்கு ஒரு க்ளிக்கும் (ஒரு செயலுக்கான வாய்ப்பு) 2 கிரெடிட்டும் (ஆட்டத்தின் பணம்) செலவு. தன் முறை ஒவ்வொன்றிலும் அவருக்குக் கிடைப்பதே 4 க்ளிக். நீக்காமல் விட்டால், கார்ப்பரேஷன் தன் முறையில் அதே ஒரு க்ளிக், 2 கிரெடிட் கொடுத்து ஒரு ரிசோர்ஸைத் தூக்கி எறியலாம்.

‘ஆர்பிட்டல் சுப்பீரியாரிட்டி’ என்று ஒரு கார்டு. கார்ப்பரேஷன் அதை ஸ்கோர் செய்யும்போது, அதாவது முடித்து வெற்றிப் புள்ளி எடுக்கும்போது, ரன்னர்மேல் டேக் இல்லையென்றால் ஒரு டேக் போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே டேக் இருந்தால் 4 மீட் டேமேஜ், அதாவது உடம்பில் விழும் அடி. நான்கு கார்டு கையை விட்டுப் போக வேண்டும். கையில் இருப்பது மூன்று என்றால் ரன்னர் செத்தார். போன முறை 2 கிரெடிட்டை மிச்சம் பிடித்ததற்கு விலை உயிர்!

உங்கள் கேமிலும் இப்படி ஒரே ஒரு பாலம் வைத்தால் போதும். போலீஸ், கடன்காரன், டிரோன் என்று மூன்று பாலம் போட்டால் புதியவர்களுக்குக் குழப்பம்தான்.

4. அடி எல்லாம் ஒரே இடத்தில் விழட்டும்

நெட்வொர்க் வழியாக விழும் நெட் டேமேஜ், உடம்பில் விழும் மீட் டேமேஜ் இரண்டுமே கையிலிருந்து ஏதோ ஒரு கார்டைத்தான் பறிக்கும். தனித்தனி உயிர்ப் புள்ளி எண்ணும் வேலை இல்லை. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஆடிப் பாருங்கள்

முதல் ஆட்டத்தில் டேக்கைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று ஹேக்கராக ஆடுபவரிடம் சொல்லுங்கள். அப்படியும் சுலபமாக ஜெயித்தால் தெருப் பக்கம் சும்மா அலங்காரம்தான் என்று தெரிந்துவிடும். மாறாக, பயந்துபோய் யாரும் சர்வர் பக்கமே வரவில்லையா? டேக் நீக்கும் செலவைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம், ரிசோர்ஸே வைக்காமல் டேக்கை அள்ளிக்கொண்டு ஆடுகிற கில்லாடிகள் நெட்ரன்னரிலும் உண்டு; அவர்களின் கார்டுக் கட்டை ‘டேக்-மீ’ டெக் என்பார்கள். அவர்களுக்காகத்தான் ‘ரெட்ரிபியூஷன்’ போன்ற கார்டு. டேக் இருந்தால் புரோகிராமையோ ஹார்டுவேரையோகூட உடைத்துவிடும். கார்ப்பரேஷனுக்கும் 20 கார்டு எழுதினால் அதில் அப்படி இரண்டு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.